நான்காம் தலைமுறையில் மூன்றாவது

அல்லிக்கு என்ன வேலை என்று காரைக்கால் கோவில்பத்தில் அவள் குடியிருக்கும் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறாள் என்பது வரைக்கும் தெரியும். அவள் மாமியார் மட்டும், கேட்பவர்களிடம், "வெளிநாட்டுக்காரங்க எழுதுறதுல தப்பு கண்டுபிடிச்சுச் சொல்றா எங்க அல்லி" என்று சொல்லிக்கொள்வாள். மாமியார் அவளுக்குச் சொந்த அத்தை; அப்பா தங்கையனின் அக்கா. அத்தை சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

காரைக்காலில் விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு அல்லி புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். எங்கெங்கோ இருக்கும் விஞ்ஞானிகள் எழுதும் கட்டுரைகள் அங்கே வரும். அவற்றைப் பிழை பார்த்து, மேற்கோள்களைச் சரிசெய்து, ஆய்விதழில் எப்படி வரவேண்டுமோ அப்படிப் பக்கம் கட்டி அனுப்ப வேண்டும். சந்தேகம் வந்தால் தானாகத் திருத்திவிடக் கூடாது. ஓரத்தில் எண் போட்டு எழுதியவரையே கேட்க வேண்டும். அதற்கு 'க்வெரி' என்று பெயர். அல்லி போடும் க்வெரி வீண்போகாது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அட்டவணையில் ஒரு தசமப்புள்ளி இடம் மாறியிருந்ததை அவள் கேட்டு, ஒரு ஜெர்மன் பேராசிரியர் தன் கட்டுரையையே ஒரு மாதம் நிறுத்தி வைத்த கதை உண்டு.

நான்கு வருடம் விடுதியில் இருந்து வேலை பார்த்தாள். பிறகு அத்தை மகன் இளையபெருமாளுக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆனது. வீட்டில் முன்பே பேசி வைத்ததுதான், அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. அவன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளை எடை போடும் இடத்தில் இருந்தான். நிலக்கரித் தூள் ஒட்டிய கழுத்தோடு வருவான், குளித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பான். அல்லி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். இரண்டாயிரத்துப் பதினாலு ஏப்ரலில் பெண் பிறந்தது. தமிழ்மொழி என்று பெயர் வைத்தார்கள். பத்து மாதத்தில் நடந்தாள். வாசலில் போகும் ஆட்டுக்குட்டியிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவளே ஒரு பெயர் வைத்திருந்தாள்.

இரண்டே முக்கால் வயதில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்கு வலிப்பு வந்தது. காய்ச்சலால் இருக்கும் என்றார்கள். அப்புறம் காய்ச்சல் இல்லாமலும் வந்தது. நடக்கும்போது விழ ஆரம்பித்தாள். தானே வைத்த பெயர்கள் ஒவ்வொன்றாக அவளுக்கு மறந்துபோயின. அத்தை திருநள்ளாற்றுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் முக்கிக் கொண்டுவந்தாள். இளையபெருமாள் புதுச்சேரிக்கும் சென்னைக்குமாக அலைந்தான். ஒரு வருடம் கழித்து, புதுச்சேரியில் டாக்டர் ராஜ்மோகன் அவர்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். மூளைச் செல்லுக்குள் சேரும் கழிவை அப்புறப்படுத்தும் ஒரு நொதி குழந்தைக்கு உருவாகவில்லை. அதை உருவாக்கும் மரபணு அப்பாவிடம் ஒன்று பழுது, அம்மாவிடம் ஒன்று பழுது. பழுதான இரண்டும் குழந்தைக்கு வந்து சேர்ந்துவிட்டன. இங்கே மருந்து இல்லை.

"அடுத்த குழந்தைக்கு டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கலாம்" என்றும் சொன்னார்.

பார்த்தார்கள். தமிழ்மொழிக்கு நான்கரை வயதாக இருக்கும்போது அல்லி மறுபடி உண்டானாள். மூன்றாம் மாதம் சென்னையில் வயிற்றில் ஊசி போட்டு, நஞ்சுக்கொடியில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதற்கும் இரண்டு பழுது என்று முடிவு வந்தது. நான்காம் மாதம் அல்லியும் இளையபெருமாளும் புதுச்சேரிக்குப் போய் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். வீட்டில், பஸ் அலைச்சலில் கலைந்துவிட்டது என்று சொன்னார்கள். அத்தை வெந்நீர் வைத்து ஊற்றினாள், பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருதரம், "கலைஞ்சது கலைஞ்சு போச்சு. இன்னொண்ணு பெத்துக்கடி, மனசு தேறும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கணவனும் மனைவியும் அந்த இரண்டு நாளைப் பற்றித் தங்களுக்குள்ளேயும் பேசிக்கொள்ளவில்லை.

நோய்த்தொற்றுக் காலத்தில் நிறுவனம் எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னது. கூட வேலை பார்த்த பஹீமா அப்போது குழுத் தலைவியாகியிருந்தாள். திருமலைராயன்பட்டினத்துப் பெண், அல்லியைவிட நாலு வயது சின்னவள். "வீட்டுலேருந்தேதான அல்லிக்கா, திரும்பி வாங்க" என்று அவள்தான் கூப்பிட்டாள். மூன்று ஆய்விதழ்களை அல்லியின் பொறுப்பில் விட்டாள். ஒன்று பூமியில் உயிர் எப்படித் தோன்றியது என்பதற்கானது. இன்னொன்று மரபியல். மூன்றாவது வலைப்பின்னல்களைப் பற்றியது. மின்சாரம் ஊருக்கு ஊர் போவதிலிருந்து வதந்தி பரவுவது வரைக்கும் எல்லாவற்றையும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் ஆக்கிவிடுவார்கள். முதல் உயிர் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றில் உண்டானதா, காய்ந்து காய்ந்து நனையும் குட்டையில் உண்டானதா என்று இரண்டு கட்சிக்காரர்கள் இதழுக்கு இதழ் சண்டை போடுவார்கள். அல்லி இரண்டு கட்சிக்கும் காற்புள்ளி வைத்துக் கொடுப்பாள். மேசைக்குப் பக்கத்துக் கட்டிலில் தமிழ்மொழி படுத்திருப்பாள். அப்போது அவளுக்குக் கண்ணும் தெரியவில்லை. விசைப்பலகையின் சத்தம் நின்றால் மட்டும் தலையைத் திருப்புவாள். அதற்காகவே அல்லி யோசிக்கும்போதுகூட வெறும் விசையைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜனவரியில் குழந்தை போய்விட்டது. பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள்.

அல்லி பதினைந்து நாளில் வேலைக்குத் திரும்பினாள். பஹீமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "புள்ளைங்க வியாதி பத்தி வர்ற கட்டுரை மட்டும் எனக்கு வேணாம் பஹீமா."

"அதெல்லாம் நானே எடுத்துக்கறேங்க்கா. நீங்க சொல்லணுமா?" என்றாள் பஹீமா. மூன்றரை வருடம் அப்படியே பார்த்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து இருபத்துநாலு ஐப்பசியில், அடைமழை பிடித்திருந்த ஒரு வாரம், பஹீமா தங்கை கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தாள். கட்டுரைகளை யாரும் பிரித்துக் கொடுக்காததால் கணினியே வரிசைப்படி பிரித்து அனுப்பியது. மரபியல் இதழுக்கான ஒரு கட்டுரை அல்லிக்கு வந்தது.

அவள் வழக்கம்போலக் கடைசியிலிருந்து ஆரம்பித்தாள். மேற்கோள்களைச் சரிபார்த்தாள். படங்களுக்கு எண் போட்டாள். தலைப்புப் பக்கத்துக்கு வந்தபோது எழுதியவர்களின் பெயர்கள் கண்ணில் பட்டன. ராஜ்மோகன். நாலாவதாகக் கீர்த்திகா. தென்னிந்தியக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த ஒரு குடும்பம் என்று கட்டுரை சொன்னது. நோய் தொடங்கிய வயது இரண்டு வருடம் ஒன்பது மாதம். இறந்தபோது ஆறு வருடம் ஒன்பது மாதம்.

கீர்த்திகாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். ராஜ்மோகனிடம் பயிற்சியில் இருந்த சின்ன டாக்டர். கடைசி வருடம் ஆராய்ச்சிக்காக இன்னொரு முறை ரத்தமும், தொடையிலிருந்து கொஞ்சம் தோலும் வேண்டும் என்று கேட்டு வந்தவள் அவள்தான். இளையபெருமாள் வேண்டாம் என்றான். "மருந்து இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல, இன்னும் எதுக்கு அல்லி குத்தணும்?" என்றான். அல்லிதான் கையெழுத்துப் போட்டாள். இது ஆய்விதழில் வரும், இதே வியாதி வருகிற வேறு பிள்ளைகளுக்கு உதவும் என்று கீர்த்திகா சொன்னாள். ஆய்விதழில் ஒரு கட்டுரை வருவது என்றால் என்னவென்று அந்த ஆஸ்பத்திரியில் இருந்த எந்தத் தாயையும்விட அல்லிக்குத் தெரியும். ஊசி இறங்கியபோது தமிழ்மொழி அழுதாள். பேச்சு போன பிறகு அவளிடம் மிச்சமிருந்தது அழுகைதான்.

அல்லி படத்தைத் திறந்தாள். வம்ச வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. இரண்டாம் தலைமுறையில் அப்பாவும் அத்தையும் இருந்தார்கள். மூன்றாம் தலைமுறையில் அவளுக்கும் இளையபெருமாளுக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டிருந்தது, சொந்தத்தில் கட்டியவர்கள் என்பதற்கு. நான்காவதில் அண்ணன் எழிலனின் பிள்ளைகள் இருவர். மூன்றாவதாக, முழுக் கறுப்பில், குறுக்குக் கோட்டோடு, ஒரு சதுரம்.

அவள் கட்டுரைக்குத் திரும்பிப் போனாள். அட்டவணையில் 'ஆண்' என்று இருந்தது. உள்ளே எல்லா இடத்திலும் 'அவன்'.

மூளையின் மின்னோட்டத்தைப் பார்ப்பதற்கு வசதியாக ஆஸ்பத்திரியில் தமிழ்மொழிக்கு ஒட்ட முடிவெட்டியிருந்தார்கள். வார்டில் எல்லாரும் அவளைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். பேச்சு இருந்த வரைக்கும், "தம்பி இல்ல, பாப்பா" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வாள். பேச்சு போன பிறகு யாராவது தம்பி என்றால் அல்லி சொல்வாள். சில நாள் அவளும் களைத்துப் போய்ச் சும்மா இருந்துவிட்டாள். அந்தச் சில நாட்கள் இப்போது நினைவுக்கு வந்தன.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொரு எண்ணம் வந்தது. இவர்கள் எழுதியிருப்பது வேறு ஒரு பையனைப் பற்றி என்றால்? ரத்தக் குப்பி மாறியிருந்தால்? அந்த முடிவை நம்பித்தானே இரண்டாவது பிள்ளையைச் சென்னையில் சோதித்தது. அந்தச் சோதனையை நம்பித்தானே புதுச்சேரிக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தது. படத்தில் கறுப்புச் சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்பு முக்கோணமும் இருந்தது. அதன்மேலும் ஒரு கோடு. அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

எழுந்து போய் வாந்தியெடுத்தாள். அத்தை அடுக்களையிலிருந்து, "என்னாடி?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த சின்ன ஆசை அல்லிக்குக் கேட்டது. "பித்தம் அத்தை" என்றாள்.

கல்யாண வீட்டில் இருந்த பஹீமாவுக்குப் போன் செய்தாள். பஹீமா எல்லாவற்றையும் கேட்டாள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தமும் பெண்கள் சிரிப்பும் கேட்டன. பிறகு அவள் தனியாக எங்கேயோ போனது தெரிந்தது.

"அக்கா, அத மூடிருங்க. நான் வேற ஆளுக்கு மாத்திடறேன். என் தப்புக்கா இது. நான் லீவு போடறதுக்கு முன்னாடி நிறுத்தி வச்சிருக்கணும்."

"மாத்த வேணாம். ஒரு க்வெரி போடணும்."

"எப்டிக்கா போடுவீங்க? கட்டுரை முழுக்க ஒரே மாதிரிதான இருக்கு. உள்ள முரண்பாடு இருந்தாதான கேக்க முடியும்? நீங்க வெளியிலேருந்து தெரிஞ்சுகிட்டு கேட்டா, அந்தக் குடும்பம் யாருன்னு நமக்குத் தெரியும்னு ஆயிரும்."

"அந்தக் குடும்பம் நான்தான் பஹீமா."

பஹீமா குரலைத் தாழ்த்தி, "உறுதி செய்யவும்னு மட்டும் போடுங்க. காரணம் எழுதாதீங்க" என்றாள்.

அல்லி பதினொன்றாவது க்வெரியாகப் போட்டாள். நான்காம் தலைமுறை, மூன்றாவது நபர்: பாலினத்தை உறுதி செய்யவும். இரண்டு நாளில் ராஜ்மோகனின் பதில் வந்தது. பத்துக் கேள்விகளுக்கும் ஒவ்வொரு வரி எழுதியிருந்தார். பதினொன்றாவதற்கு: சரியாக உள்ளது, மாற்றம் வேண்டாம்.

அதோடு அவள் வேலை முடிந்தது. விதிப்படி கட்டுரையை அனுப்பிவிட வேண்டும். அனுப்பினாள். அது இணையத்தில் ஏறும் வரைக்கும் காத்திருந்தாள். நாலு நாள் ஆனது. இனி யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஆன பிறகு, பழைய போன் புத்தகத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தாள்.

"கீர்த்திகா மேடம், நான் காரைக்கால்லேருந்து அல்லி. தமிழ்மொழியோட அம்மா."

"அக்கா, சொல்லுங்க. எப்டி இருக்கீங்க?" உடனே அடையாளம் தெரிந்தது அவளுக்கு.

"கட்டுரையப் பாத்தேன். எம் பொண்ண நீங்க பையன்னு எழுதியிருக்கீங்க."

கீர்த்திகா பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. "தப்புதான்க்கா. வார்டு ரிஜிஸ்டர்ல ஒரு எடத்துல ஆண்னு எழுதியிருக்காங்க. நான் அதப் பாத்துப் படம் வரைஞ்சேன். அதுலேருந்து அட்டவணை, அட்டவணைலேருந்து கட்டுரை. நான் பாப்பாவத் தூக்கி வச்சிருக்கேன். எனக்கே தோணல. மன்னிச்சிருங்க."

"ரத்தம் யாருது?"

"என்னக்கா?"

"ரத்தம் எம் பொண்ணோடதா, வேற பையனோடதா?"

அப்போதுதான் கீர்த்திகாவுக்குப் புரிந்தது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அக்கா, ரத்தம் பாப்பாவோடதுதான். உங்க ரெண்டு பேரு ரத்தத்துலயும் அதே பழுத நாங்க தனித்தனியா பாத்தோம். வயித்துல இருந்ததுக்கும் சென்னைல வேற லேப்ல பாத்தாங்க. அதுலயும் அதே எடம். அதுல தப்பே இல்லக்கா. நீங்க எடுத்த முடிவுல எந்தத் தப்பும் இல்ல."

அல்லி போனை வைத்தாள். ஒரு வாரமாக, தப்பு நடந்திருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள். இப்போது நடக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. உடம்பு இளகவேயில்லை. எங்கேயோ ஒரு ஓரத்தில், எல்லாமே மாறிப்போன குப்பியால் வந்தது, தன் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, வேறு எங்கோ நன்றாக இருக்கிறார்கள் என்று ஒரு நப்பாசை உட்கார்ந்திருந்திருக்கிறது. அது போன பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது.

திருத்தம் வர இரண்டு மாதம் ஆனது. கட்டுரையின் முடிவுகளை இது பாதிக்கவில்லை என்ற ஒரு வரியோடு, புதிய படத்தை இதழ் வெளியிட்டது. அந்த நாலு வரிப் பக்கத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் பஹீமா தானே கட்டினாள். முடித்ததும் அல்லிக்கு, "ஏத்தியாச்சுக்கா" என்று செய்தி அனுப்பினாள்.

அடுத்து வந்த சனிக்கிழமை அத்தை திருநள்ளாற்றுக்குப் போயிருந்தாள். இளையபெருமாளுக்கு அன்று வார விடுமுறை. அல்லி அவனைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். நடந்த எதையும் அதுவரை அவனிடம் சொல்லியிருக்கவில்லை. முதலிலிருந்து சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு திரையைப் பார்த்தான்.

"இந்தக் கட்டம் யாரு?"

"நீங்க."

"பாதிக் கறுப்பு எதுக்கு?"

"ஆளுக்குப் பாதி இருந்துச்சில்ல. அதான்."

"அப்ப இந்த வட்டம் நீயி." அவன் விரலைக் கீழே இறக்கினான். கறுப்பு வட்டத்தின்மேல் வைத்தான். விரல் அங்கேயே நின்றது. "பாப்பா."

"ம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். "பக்கத்துல இது என்னா?"

கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே தெரிந்துவிட்டது. "இதுக்கு ஏன் வட்டமும் இல்ல, கட்டமும் இல்ல?"

"பொறக்காம போனதுக்கு இப்படித்தான் போடுவாங்க. ஆணா பொண்ணான்னு தெரியாது."

"ஒனக்குமா தெரியாது?"

"கேட்டாலும் சொல்ல மாட்டாங்க அத்தான். சொல்லக் கூடாதுன்னு சட்டம்."

"நான் பேரு யோசிச்சு வச்சிருந்தேன்" என்றான் இளையபெருமாள். "ரிசல்ட்டு வர்றதுக்கு முன்னாடி, சென்னைலேருந்து வர்றப்ப, பஸ்ல. பொண்ணுன்னா எழில்மதி." ஆண் என்றால் என்ன என்பதைச் சொல்ல வாயெடுத்தவன் முடியாமல் முகத்தை அவள் தோளில் வைத்துக்கொண்டான். ஆறு வருடத்தில் அவர்கள் அந்தப் பிள்ளைக்காகச் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

அத்தை திரும்பி வந்தபோது இருவரும் அதே இடத்தில் இருந்தார்கள். "என்னா, ஒல கூட வைக்கலயா?" என்று கேட்டவள் மகனின் முகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"உக்காரும்மா. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் இளையபெருமாள்.

பஸ்ஸில் கலையவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்து அவனே சொன்னான். கோயில் பையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை கேட்டாள். திட்டுவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று அல்லி நினைத்திருந்தாள். அப்படி எதுவும் செய்யவில்லை.

"ரெண்டு பேரும் தனியாவாடா போயிட்டு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். "துணைக்கு என்னக் கூப்புட்டிருக்கலாமே."

பிறகு எழுந்து உள்ளே போய் உலை வைத்தாள். இன்னொரு பிள்ளையைப் பற்றி அந்த வீட்டில் அதற்கப்புறம் அவள் பேசவேயில்லை.